தீப்பெட்டியில் போன பயாஸ்

கல்யாணமான முதல் தீபாவளிக்கு என் கணவர் பெங்களூர் போய் எனக்கொரு ஹார்டு டிஸ்க் வாங்கிவந்தார். புடவையும் உண்டு, ஆனால் அது அவருடைய அம்மா எடுத்தது. ஹார்டு டிஸ்க் அவராகவே யோசித்து, கடை கடையாக ஏறி விசாரித்து, பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தது.

அவர் கொள்ளேகாலத்தைத் தாண்டி அனூர் பக்கத்துக்காரர். பட்டுப்புழு வளர்க்கிற குடும்பம். மைசூரில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தார். யாரிடம் பேசினாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், கட்டிய மனைவியிடமும் அப்படித்தான். நானோ அசோகபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். என் தமிழில் பாதி கன்னடம். இங்கே வாங்க என்பதை "ரீ, பன்னி இல்லி" என்று கன்னடத்தில் நான் கூப்பிட்டால் அவர் வந்துவிடுவார். வந்ததும், "தமிழ்லயே கூப்பிட்டாலும் வருவனுங்க" என்பார். சண்டை என்று எதுவும் கிடையாது. ஆனால் ஒருவர்மீது ஒருவர் காட்டிய மரியாதை சற்று அதிகமாகவே இருந்தது. இருவரும் ஏதோ அலுவலக விஷயமாக ஒரே வீட்டில் தங்கியிருப்பதைப்போல.

அப்போது நான் கம்ப்யூட்டர் பயிற்சி மையம் ஒன்றில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் என் சம்பளத்தில் ஒரு கம்ப்யூட்டர் சேர்த்து வாங்கியிருந்தேன். போர்டு ஒரு கடையில், பெட்டி ஒரு கடையில், மானிட்டர் இன்னொரு கடையில். புகுந்த வீட்டுக்கு நான் கொண்டுவந்த பொருள்களில் எனக்கு மிகவும் பிரியமானது அதுதான். அதன் பழைய டிஸ்க் நிரம்பி வழிகிறது என்று நான் எப்போதோ அலுத்துக்கொண்டது அவர் காதில் விழுந்திருக்கிறது. அதனால்தான் பெங்களூர்ப் பயணம்.

தீபாவளி கழிந்து, அந்தப் புதிய டிஸ்கை மாட்டி சுவிட்சைப் போட்டேன். திரையில் பழைய டிஸ்கின் பெயர் வந்தது. புதியதைத் தேடும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. அணைத்தேன், போட்டேன், கேபிளை மாற்றினேன். அங்கேயே நின்றது.

"கெட்டுப்போனதைக் குடுத்துட்டானுங்களா?" என்று கேட்டார். முகம் வாடிவிட்டது.

"இல்ல, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. போர்டுக்கு இவ்வளவு பெரிய டிஸ்க் எல்லாம் தெரியாது. பயாஸை மாத்தணும்."

சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டருக்கு முதலில் விழிப்பு வருவது பயாஸால்தான். மதர்போர்டில் விரல் நீளச் சிப் ஒன்று இருக்கும், அதற்குள் எழுதப்பட்டிருக்கும் சின்ன நிரல் அது. என்னென்ன மாட்டியிருக்கிறார்கள், எதை எப்படி எழுப்புவது என்று அதற்குத்தான் தெரியும். அதைப் புதுப்பிக்கலாம். அர்ஸ் ரோட்டுப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, போர்டு கம்பெனியின் பக்கத்தைத் தேடிப் பிடித்து, புதிய பயாஸை ஒரு பிளாப்பியில் இறக்கிக்கொண்டேன். அதற்கே ஒரு சாயங்காலம் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். பிளாப்பியைப் போட்டு அந்த நிரலை ஓடவிட்டதும், பழைய பயாஸைக் காப்பி எடுத்துவைக்கட்டுமா என்று கேட்டது. எடுக்கச் சொன்னேன். எடுத்தது. அந்தக் காப்பியை இன்னொரு பிளாப்பியிலும் வைத்துக்கொண்டேன். என் மாணவர்களுக்கு நான் முதல் வகுப்பிலேயே சொல்வது அதுதான்: பழையதை எடுத்துவைக்காமல் புதியதைத் தொடாதே.

பிறகு புதியதை எழுதச் சொன்னேன். கரண்டை அணைக்காதே என்று திரையில் எச்சரிக்கை வந்தது. கீழே ஒரு வெள்ளைக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் என் கணவர் சமையலறையில் இருந்தார். மனைவி முக்கியமான வேலையில் இருக்கிறாளே, டிபனை நாமே செய்துவிடுவோம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இட்லி வெந்துகொண்டிருந்தது. சட்னிக்குத் தேங்காயைப் பெரிது பெரிதாகக் கீறிப் போட்டு, தண்ணீர் விடாமல் மிக்ஸியைத் திருகினார். மிக்ஸி ஒருமுறை உறுமியது. வீட்டிலிருந்த விளக்கு, விசிறி, கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றாக அடங்கின.

நாங்கள் இருந்தது சரஸ்வதிபுரத்தில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு. முழு வீட்டுக்கும் ஒரே ஃபியூஸ். வீட்டு ஓனர் வந்து ஃபியூஸ் கட்டையில் கம்பி சுற்றிப் போட்டதும் விளக்கு வந்தது, விசிறி சுற்றியது. கம்ப்யூட்டர் மட்டும் வரவில்லை. விசிறிச் சத்தம் கேட்டது, பச்சை விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது.

என் கணவர் கையில் சட்னிக் கரண்டியோடு வந்து நின்றார். "நானுங்களா?"

"ஆமா" என்றேன். கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவர் சட்டையெல்லாம் தேங்காய்ப் பூ. வேஷ்டியை மடித்துக் கட்டி, நெற்றியில் வியர்வையோடு எனக்காகச் சமைத்துக்கொண்டிருந்த மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது?

"அதான் காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களே. அதைப் போட்டுரலாமில்லீங்களா?"

"காப்பி இருக்குங்க. ஆனா அதைப் பிளாப்பியில இருந்து படிக்கணும்னா கம்ப்யூட்டர் எழுந்திருக்கணும். கம்ப்யூட்டர் எழுந்திருக்கணும்னா பயாஸ் வேணும்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "சாவியை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டியாச்சுங்கறீங்க."

"அதேதான்."

இட்லியைத் தின்றுகொண்டே வழி யோசித்தோம். ஒரே ஒரு வழி இருந்தது. அதைப் பத்திரிகையில் படித்திருக்கிறேனே தவிர, யாரும் செய்து நான் பார்த்ததில்லை. இதே மாடல் போர்டு உள்ள வேறொரு கம்ப்யூட்டரைப் போட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயாஸ் சிப்பைக் கழற்றிவிட்டு, செத்துப்போன சிப்பை அந்த இடத்தில் செருகி, எழுத வேண்டும். கொஞ்சம் தவறினால் அந்த நல்ல கம்ப்யூட்டரும் போய்விடும்.

"இதே போர்டு மைசூர்ல யாருகிட்ட இருக்குதுங்க?"

தெரிந்துதான் இருந்தது. சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

இவரைப் பார்ப்பதற்கு முந்தைய வருஷம் குவெம்புநகரிலிருந்து என்னைப் பெண் பார்க்க ஒருவர் வந்திருந்தார். பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். தனியாகப் பேசச் சொல்லி எங்களை முன்னறையில் உட்காரவைத்தார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல், "வீட்டில் என்ன கம்ப்யூட்டர் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவ்வளவுதான். கொண்டுவந்து வைத்த காப்பி ஆறி, பஜ்ஜி ஆறி, வெளியே பெரியவர்கள் நாளும் நட்சத்திரமும் பேசி முடிக்கும்வரை அவர் தன் மதர்போர்டைப் பற்றியே பேசினார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் போர்டு ஏன் நல்லது என்று அவர் சொன்ன காரணங்கள் நன்றாக இருந்தன. அதனால் நான் கம்ப்யூட்டர் சேர்த்தபோது அதே போர்டைத்தான் வாங்கினேன்.

என் கணவர் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "நல்லவேளைங்க, அவரு மதர்போர்டோட நிறுத்திக்கிட்டாரு. மானிட்டரைப் பத்தியும் பேசியிருந்தா உங்களுக்குப் புடிச்சே போயிருக்கும்."

அவர் வேடிக்கையாகப் பேசுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த விரிவுரையாளரின் முகவரி அப்பாவிடம்தான் இருக்கும். சிப்பை மட்டும் மெல்ல நெம்பி எடுத்தேன். சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாளில் அதைச் சுற்றி, காலித் தீப்பெட்டியில் வைத்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. என் கணவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்கூட்டரில் அசோகபுரம் போனோம்.

அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அப்பா, போன வருஷம் என்னைப் பாக்க வந்தாரே குவெம்புநகர்ல இருந்து, அவர் வீடு எங்க?"

அப்பா பேப்பரை மடித்தார். என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எதுக்கும்மா இப்ப அது? கல்யாணம் ஆகி ஆறு மாசம்தான் ஆகுது" என்றார். பிறகு அவரிடம், "மாப்ளே, எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"எல்லாம் போயிருச்சுங்க மாமா" என்றார் என் கணவர், மிகவும் வருத்தமாக. "காலைல இருந்து உசிரே இல்லீங்க. நாந்தானுங்க காரணம். இனி அவரு மனசு வெச்சாத்தான் உண்டு."

உள்ளே அம்மா கையிலிருந்த ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சிரிக்கச் சிரிக்க அப்பாவுக்கு இன்னும் பயம் அதிகமானது. தீப்பெட்டியைத் திறந்து சிப்பைக் காட்டி, கம்ப்யூட்டர் கதையை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் அம்மா மூச்சுவிட்டாள். தான் சொன்னது அவர்கள் காதில் எப்படி விழுந்தது என்று புரிந்ததும் என் கணவர் காது மடல்வரை சிவந்துபோனார். அப்பா முகவரியைச் சொன்னார். "என் பேரைச் சொல்லாதே. எனக்கு அவங்க முகத்துல முழிக்கச் சங்கடம்" என்று சேர்த்துக்கொண்டார்.

குவெம்புநகர் வீட்டில் கதவைத் திறந்தது அவருடைய அம்மா. மடியில் மல்லிகைச் சரத்தின் துண்டுகள் ஒட்டியிருந்தன, பூக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். என்னை உற்றுப் பார்த்தார். அவர் தமிழிலும் என்னுடையதைப்போலக் கன்னடம் கலந்திருந்தது.

"நீ அசோகபுரத்துப் பொண்ணு அல்வா, இல்லையா? வேண்டாம்னு சொன்ன பொண்ணு."

"ஆமாங்கம்மா."

"இவரு யாரு?"

"என் வீட்டுக்காரர்."

அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "உயரமாத்தான் இருக்காரு. உள்ள வாங்க, யாக்கே வெளியவே நிக்கறீங்க?" என்று கூட்டிப்போய் உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்கல. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். எதுக்கும்மா வேண்டாம்னே?"

வந்த காரியத்தைச் சொல்லவே இடமில்லை. உண்மையைச் சொன்னேன். "அவர் வந்ததில இருந்து போற வரைக்கும் மதர்போர்டு பத்தியே பேசினாருங்கம்மா."

"நெனச்சேன்!" என்று தொடையில் தட்டினார். "டேய், இங்க வாடா! நான் அன்னைக்கே சொன்னனா இல்லையா?"

மகன் பனியனோடு வந்தவர், எங்களைப் பார்த்து ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அம்மா காரணத்தைச் சொன்னதும், நிஜமான வியப்போடு என்னிடம் கேட்டார்: "ஆனா நீங்கதானே என்ன கம்ப்யூட்டர்னு கேட்டீங்க?"

"கேட்டேன்" என்று ஒப்புக்கொண்டேன். "அதே போர்டைத்தான் நானும் வாங்கினேன். அதுக்காகத்தான் வந்தோம்."

அம்மா எழுந்தேவிட்டார். "பையனை வேண்டாம்னுட்டு, அவன் சொன்ன போர்டை மட்டும் வாங்கிக்கிட்டியா?"

முதலில் சிரித்தது என் கணவர்தான். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். பிறகு அந்த அம்மா. பிறகு எல்லோரும்.

தீப்பெட்டியை மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். மகன் சிப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவருடைய போர்டு அதே மாடல்தான். போன வருஷமே பயாஸைப் புதுப்பித்துவிட்டார், பெரிய டிஸ்க்கும் போட்டிருந்தார். புதுப்பித்த பயாஸையும் காப்பி எடுத்து வைத்திருந்தார். அவருடைய பிளாப்பிகள் பிஸ்கட் டின்களில் அடுக்கியிருந்தன. ஒரு பிரதி வீட்டில். வீட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பிரதி மண்டியாவில் அக்கா வீட்டில்.

"உன் கம்ப்யூட்டரும் செத்துட்டா?" என்றார் அம்மா.

"அதுக்குத்தான் காப்பி இருக்கேம்மா."

"காப்பி இருந்தாலும் உள்ள போறதுக்கு வழி வேணுமுங்களே" என்றார் என் கணவர். அன்று காலையில் கற்றது.

மகன் அவரைத் திரும்பிப் பார்த்தார். என் கணவர் சொன்னது நியாயம்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. "வேண்டாங்க, விட்டுடுங்க. வேற ஏதாவது பாத்துக்கறோம்" என்றேன்.

"என்ன விட்டுடறது? இதைப் பத்திப் படிச்சதில இருந்து ஒரு தடவை செஞ்சு பாக்கணும்னு காத்துக்கிட்டிருக்கேன். இந்த ஊர்ல ஒருத்தருக்கும் பயாஸ் சாகவே மாட்டேங்குது!" என்றார். கண்கள் பளபளத்தன.

பெட்டியின் மூடியைக் கழற்றினோம். ஓடும் கம்ப்யூட்டரில் இரும்பு எதையும் விடக்கூடாது. அதனால் சிப்பின் இரண்டு முனைகளுக்கும் அடியில் நூல் கொடுத்து, அதைப் பிடித்துத் தூக்குவது என்று முடிவானது. அம்மா பூக் கட்டும் நூலை நீட்டினார். "ஈரமா இருக்கும்மா" என்று மகன் பதறினார். அம்மா உள்ளே போய்ப் புதிய நூல்கண்டு கொண்டுவந்தார். கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முன்பே மகன் தன் சிப்பைத் தளர்த்தி, அடியில் நூலைக் கோத்து, திரும்ப லேசாக அமுக்கி வைத்தார். கம்ப்யூட்டரைப் போட்டார். எழுந்தது. தன் பயாஸை இன்னொரு முறை காப்பி எடுத்துக்கொண்டார்.

"ஓடிக்கிட்டு இருக்கும்போது அதைப் புடுங்கினா நின்னுடாதா?" என்று அம்மா கேட்டார்.

"இல்லம்மா. அது படிக்க வேண்டியதைப் படிச்சு ஞாபகத்துல வெச்சிருக்கு. நீ சமையல் புஸ்தகத்தைப் பாத்துட்டு மூடி வெச்சிட்டுச் சமைக்கறது இல்ல?"

"நான் என்னைக்குடா புஸ்தகம் பாத்துச் சமைச்சேன்?"

யார் தூக்குவது? மகன் ஆர்வத்தில் வெடுக்கென்று இழுத்துவிடுவார்போல இருந்தது. நான் பயந்து பின்வாங்கினேன். என் கணவர் முன்னால் வந்தார். இரண்டு நூல்களையும் விரல்களில் சுற்றிக்கொண்டார். அவர் வீட்டில் சின்ன வயதிலிருந்தே பட்டுக் கூட்டைத் தொட்டுப் பழகிய கை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, நேராக, ஒரே சீராகத் தூக்கினார். சிப் வெளியே வந்தது. திரையில் சின்னக் கோடு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"உசிரோட இருக்குதுங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

என் சிப்பின் வெட்டுள்ள முனை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று மகன் காட்ட, நான் கால்களைச் சாக்கெட்டின் துளைகளோடு பொருத்தி அமுக்கினேன். அம்மா எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றுகொண்டார். "இங்க யாரும் மிக்ஸி போட விட மாட்டேன்" என்றார். அவர் வீட்டில் யூ.பி.எஸ். இருந்தது. கரண்ட் போனாலும் கவலையில்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மகன் கட்டளையைத் தட்டினார். வெள்ளைக் கோடு நகர்ந்தது. காலையில் நின்றுபோன இடத்தைத் தாண்டியது. மேலே போயிற்று. முடிந்தது என்று திரையில் எழுத்து வந்தபோது, நான் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். எப்போது பிடித்தேன் என்று தெரியாது. அவர் கையை அசைக்கவேயில்லை.

அணைத்துவிட்டு, என் சிப் அதில் இருக்கும்போதே மறுபடி போட்டோம். 'பீப்' என்று ஒரு சத்தம். திரை விழித்தது. மகன் சின்னப் பையனைப்போலக் குதித்தார். "வந்திருச்சா? வந்திருச்சா?" என்று அம்மா வாசலைவிட்டு நகராமலே கத்தினார். பிறகு மகனின் சிப்பை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தோம். அதுவும் சௌக்கியம்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்றுவிட்டார் அந்த அம்மா. கோழிக் குழம்பும் ராகி முத்தேயும். "களிங்களா!" என்று என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குக் களி கிளறத் தெரியாது, அவரும் கேட்டதில்லை. தட்டில் விழுந்த உருண்டையைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து அவர் விழுங்கிய அழகைப் பார்த்து, அந்த அம்மா இன்னொன்றும் வைத்தார். அதற்கப்புறம் நேராக விஷயத்துக்கு வந்தார்: "தம்பி, உங்க பக்கத்துல நல்ல பொண்ணு ஏதாவது இருக்கா?"

அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு யோசித்தார். "சித்தப்பா பொண்ணு ஒருத்தி இருக்குதுங்க. கொள்ளேகாலத்துல நர்ஸ். ஆனா ரொம்பப் பேசுமுங்க."

"பேசட்டும், பேசட்டும்" என்றார் அம்மா. மகன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சிப்பைப் பொருத்தினேன். சுவிட்சை அவரைத்தான் போடச் சொன்னேன். பழைய டிஸ்கின் பெயர் வந்தது. அடுத்த வரியில், கொஞ்சம் தயங்கி, புதியதன் பெயரும் அதன் முழு அளவும் வந்து நின்றன. அவர் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். மறுபடியும் படித்தார். "ரீ, நல்லாயிருக்கு" என்றேன். "இப்பத் தமிழும் கன்னடமும் சேந்தே வருதுங்க" என்று சிரித்தார். அன்று சாயங்காலம் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அப்பாவின் முகம் போன போக்கை அவர் நடித்துக் காட்ட, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஆறு மாதத்தில் பேசாததை எல்லாம் பேசினோம். பட்டுப்புழு இலை தின்னும்போது வீடெல்லாம் மழை பெய்கிற மாதிரிச் சத்தம் கேட்கும் என்று அன்றைக்குத்தான் அவர் எனக்குச் சொன்னார்.

சில வாரங்கள் கழித்து அந்தச் சித்தப்பா மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஞாயிறு, குவெம்புநகரிலிருந்து அம்மாவும் மகனும் வந்தார்கள். அம்மா மகனிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்: கம்ப்யூட்டர் பேச்சு எடுக்காதே. அவரும் எடுக்கவில்லை. எதையுமே எடுக்கவில்லை. முன்னறையில் விறைத்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்தப் பெண்தான் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, செத்துப்போனதுக்கு உசிரு குடுத்தீங்கன்னு அண்ணன் சொல்லுச்சு. எப்படீங்க? எங்க ஆஸ்பத்திரியில நாங்களும்தான் பாக்கறோம், எல்லாமா பொழைக்குது?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தார். அவர் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அவள் நடுவில் கேள்வி கேட்டாள். தன் வார்டில் நடந்த ஒன்றைச் சொன்னாள். அவர் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். அதற்குள் அந்த அம்மாவும் நாங்கள் இருவரும் சமையலறைக்கு நழுவி, அங்கே நின்று ஒட்டுக்கேட்டோம்.

"டீ குடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"சும்னிரும்மா" என்றார் அந்த அம்மா, என் கையைப் பிடித்து நிறுத்தி. "அவ பேசி முடிக்கட்டும்."

அவள் பேசி முடிக்கவில்லை. தை மாதம் கொள்ளேகாலத்தில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையைத் தமிழிலும் கன்னடத்திலும் நான்தான் அடித்துக் கொடுத்தேன்.